பாறைக்குழம்பு பளிங்கான வரலாறு

வரலாறும் தமிழும் பயின்று பாடசாலையிலே காலங் கழித்த ஒருவன் கல்லையும் கனியத்தையும் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன், புவியியல் ஆசிரியர் விடுமுறையில் இருந்த நாளொன்றில், அதிபராகிய நானே பத்தாம் வகுப்புக்குப் பாடஞ் சொல்லச் சென்றேன். தீப்பாறைகள் என்பது பாடம். பூமியினுள்ளே பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது பளிங்குகள் தோன்றுகின்றன. அவை குழம்பிலும் கனமானவை ஆதலின் அடியில் அமிழ்ந்து அடுக்கடுக்காய்ப் படிகின்றன என்று நூலில் உள்ளபடியே கூறினேன். கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, படத்திலே அடியிலுள்ள அடுக்குகளில் வெள்ளைக் கனியமும் இருக்கிறதே. அது இலேசானது என்று சற்று முன்னர்தானே சொன்னீர்கள்? இலேசானது எப்படி அமிழும்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று கூறி வகுப்பை முடித்தேன். ஒரு மாலை வேலை என்று எண்ணித் தொடங்கிய தேடல் பல மாதங்கள் நீண்டது. அந்த மாணவி கேட்ட கேள்வியையே, இந்தத் துறையில் முதன்மை வாய்ந்த அறிஞர்கள் பல்லாண்டுகளாகத் தமக்குள் விவாதித்து வருகின்றனர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவ்விவாதத்தின் நடுவே நிற்பது கிறீன்லாந்து நாட்டிலுள்ள ஒரு மலைத்தொகுதி. அதன் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலிற் சில அடிப்படைகள். பளிங்கு என்பது யாது? கற்கண்டுத் துண்டொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் உள்ளே ஒழுங்காக நிரைபட்டிருப்பதன் வெளித்தோற்றம் அது. சர்க்கரைப் பாகிலே கற்கண்டு விளைவது போலப் பாறைக்குழம்பிலே கனியங்கள் விளைகின்றன. எரிமலை வாயால் வெளிவந்து விரைந்து ஆறும் குழம்பில் பளிங்குகள் வளர நேரமில்லை. ஆகவே கருநிறமான, மணி தெரியாத பசாற்றுக் கல் உண்டாகிறது. அதே குழம்பு மேலே வர வழியின்றி நிலத்தினுள்ளே அடைபட்டு மெல்ல ஆறுமாயின், பளிங்குகள் பெரிதாக வளர்ந்து கப்ரோ என்னும் கல்லாகின்றது. பிறப்பு ஒன்று, வளர்ப்பே வேறு.

கிறீன்லாந்தின் கிழக்குக் கரையில், வட அகலக்கோடு 68 பாகையளவில், கங்கர்லுசுவாக் என்னும் நீண்ட கடற்கால் உண்டு. அதன் வாயிலருகே ஸ்கேர்காட் எனப்படும் இடம் இருக்கிறது. கரையோரப் பாறைத்திட்டுக்களைக் குறிக்கும் டேனிய மொழிச் சொல் அது. ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கிறீன்லாந்தும் ஐரோப்பாவும் ஒன்றைவிட்டொன்று விலகி, இடையே வட அத்திலாந்திக் சமுத்திரம் திறந்துகொண்ட காலம். அக்காலத்தில் பசாற்றுக் குழம்பு பெருவெள்ளமாய் மேலெழுந்து நிலத்தின்மேற் பரந்தது. அதில் ஒரு பகுதி, பழமையான அடித்தளப் பாறைக்கும் மேலே படிந்திருந்த எரிமலைப் பாறைக்கும் இடையே புகுந்து அடைபட்டது. 11 கிலோமீற்றர் நீளம், 8 கிலோமீற்றர் அகலம், 4 கிலோமீற்றர் வரை ஆழம் என்ற அளவான ஒரு பெரும் பாத்திரம் குழம்பால் நிறைந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிறைந்தபின் புதுக் குழம்பு குறிப்பிடத்தக்க அளவில் உள்ளே வந்ததாகவோ, உள்ளிருந்தது பெருமளவில் வெளியேறியதாகவோ தெரியவில்லை. மூடிய பாத்திரத்திலே குழம்பு தானே ஆறியது.

பின்னர் கரையோர நிலம் தெற்கு நோக்கிச் சரிந்தது. பனியாறுகள் மேற்பரப்பை அரித்தெறிந்தன. அதனால் அந்தப் பாத்திரம் நெடுக்காக வெட்டி வைத்தாற்போல இன்று காட்சியளிக்கின்றது. வடக்கிலிருந்து தெற்கே நடப்பவர் பாத்திரத்தின் அடியிலிருந்து மேலே ஏறுவதாகவே கொள்ளலாம். மரமும் மண்ணும் மறைக்காத, பனியாறு தேய்த்து மெருகிட்ட பாறை. படிப்பதற்கு இதனினும் தெளிந்த ஏடு கிடைப்பது அரிது.

1930ஆம் ஆண்டு பிரித்தானிய ஆர்க்டிக் வான்வழி ஆய்வுக் குழுவுடன் சென்ற லோறன்ஸ் வேஜர் என்னும் இளம் புவிச்சரிதவியலாளர் இவ்விடத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 26. மலைச்சரிவுகளிலே, கடலில் படிந்த மணற்கல்லைப்போல, கரும்பட்டைகளும் வெண்பட்டைகளும் மாறிமாறி ஓடுவதைக் கண்டு வியந்தார். ஆனால் அது மணற்கல் அன்று. குழம்பிலிருந்து உறைந்த கப்ரோ. இந்த வேஜர் 1933இல் எவரெஸ்ற் மலையேறச் சென்று, ஒட்சிசன் உதவியின்றி ஏறத்தாழ 8,570 மீற்றர் உயரத்தை எட்டித் திரும்பியவர். அத்தகைய உடலுறுதி கிறீன்லாந்திலும் வேண்டியிருந்தது. 1935இல் டியர் என்னும் அறிஞரையும், தம் மனைவியையும், சகோதரரையும், வேறு சில துணைவரையும் அழைத்துக்கொண்டு சென்று, அங்கேயே ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். கிறீன்லாந்து மக்களும் குடும்பத்தோடு அவர்களுடன் தங்கினர். வேஜரும் டியரும் எழுதிய பெருநூல் 1939இல் டென்மார்க்கில் வெளியாயிற்று. தீப்பாறை பயில்வோர் இன்றளவும் படிக்கும் நூல் அது.

அவர்கள் கண்டது யாது? அடியிலிருந்து மேலே செல்லச் செல்லக் கனியங்கள் ஓர் ஒழுங்கின்படி மாறுகின்றன என்பதே. கீழ்ப்பகுதியின் அடியில் இரண்டு கனியங்கள் முதன்மையானவை. ஒன்று பிளாஜியோகிளேஸ் என்னும் வெண்ணிறக் கனியம். மற்றது ஒலிவீன் என்னும் பசுமஞ்சட் கனியம். சற்று மேலே ஓஜைற் என்னும் கரும்பச்சைக் கனியம் வந்து சேர்கின்றது. அதற்கும் மேலே மக்னற்றைற், இல்மனைற் என்னும் இரும்புக் கனியங்கள் சேர்கின்றன. நமது புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலைக் கண்டவர்களுக்கு இல்மனைற் புதிதன்று. நடுப்பகுதியிலே ஒலிவீன் மறைந்துபோகிறது. மேற்பகுதியில் அது மீண்டும் தோன்றுகின்றது. பின்னர் பொசுபரசு அடங்கிய அப்பற்றைற் சேர்கின்றது. நம் நாட்டில் எப்பாவலையிற் பசளைக்காக அகழப்படும் கனியமும் அப்பற்றைற்றே. இவ்வாறு ஒவ்வொரு கனியமும் தன் முறை வந்தபோது மேடையேறுகின்றது.

இதனினும் நுட்பமான மாற்றம் ஒவ்வொரு கனியத்தின் உள்ளேயும் நிகழ்ந்திருக்கின்றது. ஒலிவீனிலே மகனீசியமும் இரும்பும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமரக்கூடியவை. மகனீசியம் மட்டும் உள்ள ஒலிவீன் உருகுவதற்கு 1,890 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். இரும்பு மட்டும் உள்ளதற்கோ 1,205 பாகையே போதும். பல பொருள்கள் கலந்த குழம்பிலே இவ்வெல்லைகள் வெகுவாகத் தாழ்ந்துவிடும். எனினும் முறை மாறுவதில்லை. ஆகவே குழம்பு ஆறத் தொடங்கும்போது பிறக்கும் ஒலிவீன் மகனீசியத்தையே விரும்பி எடுத்துக்கொள்கின்றது. ஸ்கேர்காட்டின் அடியில் ஒலிவீனின் அவ்விடங்களில் மூன்றில் இரண்டு பங்களவை மகனீசியம் நிரப்பியிருக்கின்றது. மேலே போகப் போக அது குறைந்து, உச்சியை அண்டிய பகுதியில் முற்றும் இரும்பாகிவிடுகின்றது. பிளாஜியோகிளேசிலும் இதே கதை. அங்கே கல்சியம் முன்னும் சோடியம் பின்னுமாக வருகின்றன. அடியில் மூன்றில் இரண்டு பங்களவாய் இருந்த கல்சியத்தின் பங்கு, மேலே நூற்றுக்கு 30 அளவாகக் குறைந்துவிடுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள ஆனையிறவு போன்ற உப்பளமொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் வற்றவிடுகின்றோம். முதலிற் சுண்ணாம்பும், பின்னர் ஜிப்சமும், அதன் பின்னரே நாம் வேண்டும் உப்பும் படிகின்றன. இறுதியாக எஞ்சும் நீரோ கசக்கும். அதிலே மகனீசிய உப்புக்கள் திரண்டிருக்கும். ஒரே கடல்நீர்தான். ஆயினும், படிந்ததை அவ்வப்போது நீரினின்று பிரித்துவிடுவதால், எஞ்சிய நீரின் தன்மை மாறிக்கொண்டே போகின்றது. பாறைக்குழம்பிலும் அவ்வாறே. அங்கே வற்றுவதற்குப் பதில் ஆறுதல், அவ்வளவே வேறுபாடு. பிறந்த பளிங்குகள் குழம்போடு தொடர்பிலேயே இருக்குமாயின், அவை குழம்போடு ஈடுகொடுத்துத் தம் அமைப்பை மாற்றிக்கொள்ளும். மேலும் மேலும் வரும் பளிங்குகளின் கீழ்ப் புதைந்துபோகுமாயின், அந்தத் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சிய குழம்பு தன் வழியே போகும். அது போன வழியெல்லாம் பாறையிலே பதிவாகிவிட்டது என்பதே ஸ்கேர்காட்டின் சிறப்பு.

எஞ்சிய குழம்பு எவ்வழியே போயிற்று? இதிலும் ஒரு பெரும் வாதம் இருந்தது. போவன் என்னும் அறிஞர் 1928இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், பசாற்றுக் குழம்பிலிருந்து பளிங்குகள் பிரியப் பிரிய எஞ்சியதில் சிலிக்கா பெருகும் என்றார். பென்னர் என்பவர் 1929இல் அதனை மறுத்து, பெருகுவது இரும்பே என்றார். வேஜரும் டியரும் தங்கள் பாறைகளைக் கொண்டு வந்தபோது, அவை பென்னர் பக்கமே சாட்சி சொல்வனபோலத் தோன்றின. மூடிய பாத்திரத்தில் ஒட்சிசன் குறைவாக இருந்தமையால் மக்னற்றைற் பிந்தியே பிறந்தது; அதுவரை இரும்பு குழம்பிலே திரண்டது. இரும்புக் கனியங்கள் முந்திப் பிறக்கும் இடங்களிலே போவன் சொன்ன வழியே நிகழும். ஆகவே இருவர் கூற்றுக்கும் இடம் உண்டு.

நேயர்களே, இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். இறுதிக் குழம்பை எவரும் கண்டதில்லை. வேஜர் அதைக் கணக்கிட்டே அறிந்தார். பாத்திரத்தின் விளிம்பிலே, குளிர்ந்த சுற்றுப்பாறையைத் தொட்டு விரைந்து உறைந்த பகுதியை முதற் குழம்பின் மாதிரியாகக் கொண்டார். அந்த முதலிலிருந்து, ஒவ்வோர் அடுக்காய்ப் படிந்தவற்றைச் செலவாகக் கழித்து, மிச்சத்தைக் கண்டார். கணக்கு நேர்மையானது. ஆனால் அடியிலே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் பகுதி முழுவதிலும் பாதிக்கு மேற்பட்டது என்று அவர் கொண்டார். பிற்காலத்தில் புவியீர்ப்பை அளந்து பார்த்தவர்கள் அது அவ்வளவு பெரிதன்று எனக் கண்டனர். செலவுக் கணக்கு மாறினால் மிச்சமும் மாறுமன்றோ? 1987இல் ஹன்ரர், ஸ்பாக்ஸ் என்னும் இருவர், இரும்புக் கனியங்கள் பிறக்கத் தொடங்கியபின் குழம்பிலே சிலிக்காவே பெருகியிருத்தல் வேண்டும் என வாதிட்டனர். 2005இல் வெளியான ஆய்வொன்று, அப்பற்றைற் பளிங்குகளினுள் சிறைப்பட்ட நுண்துளிகளைச் சோதித்து, இறுதிக் காலத்திலே குழம்பு எண்ணெயும் நீரும்போல இரண்டாகப் பிரிந்தது என்று காட்டியது. ஒன்றில் இரும்பு மிகுதி. மற்றதிற் சிலிக்கா மிகுதி. வாதம் இன்னும் ஓயவில்லை.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பளிங்குகள் அமிழும் என்னும் எண்ணம் பழையது. டார்வின் 1835இல் கலாபகோஸ் தீவொன்றில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின் அடியிலே பளிங்குகள் செறிந்திருப்பதைக் கண்டு, அவை கனத்தால் அமிழ்ந்தன என 1844இல் எழுதினார். வேஜரும் டியரும் அவ்வழியே சென்றனர். ஸ்கேர்காட்டின் பட்டைகள் பலவற்றில் அடிப்பகுதி கருத்தும் மேற்பகுதி வெளுத்தும் இருக்கின்றது. குழம்பினுள்ளே நீரோட்டம்போன்ற ஓட்டங்கள் பளிங்குகளைச் சுமந்து வந்து பரப்பின. கனமான கருங்கனியங்கள் முன்னும் இலேசான வெண்கனியம் பின்னுமாகப் படிந்தன என்று அவர்கள் கூறினர். ஆற்றுப்படுக்கைபோல் வளைந்த பட்டைகளையும் சான்று காட்டினர். இவ்வகைப் பாறைக்குக் குவியல் என்று பொருள்படும் பெயரொன்றை வேஜரும் உடனாய்வாளரும் 1960இல் இட்டனர். பெயரிலேயே விளக்கமும் ஏறி அமர்ந்துவிட்டது.

கணக்குப் பார்த்தபோது இடர்ப்பாடு தோன்றியது. ஒரு கனசென்ரிமீற்றர் ஒலிவீனின் நிறை ஏறத்தாழ மூன்றரைக் கிராம். மக்னற்றைற் ஏறத்தாழ 5 கிராம். இவை அமிழும் என்பதில் ஐயமில்லை. பிளாஜியோகிளேஸ் ஏறத்தாழ 2.7 கிராம். பசாற்றுக் குழம்பும் ஏறத்தாழ அதே நிறைதான். குழம்பிலே இரும்பு திரளத் திரள அதன் நிறை கூடும். அப்போது பிளாஜியோகிளேஸ் தக்கைபோல மிதக்குமேயன்றி அமிழாது. அமெரிக்க அறிஞர் மக்பேர்ணி, நொயிஸ் என்பவருடன் சேர்ந்து 1979இல் இதனை வலியுறுத்தி எழுதினார். மேலும் ஒன்று. பாத்திரத்தின் செங்குத்தான சுவர்களிலும் அதே ஒழுங்கிற் கனியங்கள் மாறுகின்றன, பட்டைகளும் உள்ளன. சுவரிலே எது அமிழ்ந்து படியும்? ஆதலின் பளிங்குகளிற் பெரும்பாலானவை அடித்தளத்திலும் சுவரிலும் இருந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தன என்பது அவர்கள் கொள்கை. கற்கண்டு பாத்திரத்தின் சுவரைப் பற்றியே வளர்வதை நாமும் கண்டிருக்கின்றோமன்றோ?

இத்துடன் வழக்கு முடிந்ததா? இல்லை. ஏர்வின் என்பவரும் அவர் உடனாய்வாளரும், கூரையிலிருந்து கழன்று விழுந்த பாறைத்துண்டுகள் அடுக்குகளிடையே கிடப்பதை ஆராய்ந்தனர். துண்டு விழுந்த இடத்திலே கீழடுக்குகள் நசுங்கி வளைந்துள்ளன. மேலடுக்குகள் துண்டின்மேல் போர்வைபோலப் படிந்துள்ளன. ஆகவே அங்கே படிதல் நிகழ்ந்தமையை மறுத்தற்கியலாது. பளிங்குகள் தனித்தனியே அமிழாவிடினும், கனியமும் குழம்பும் கலந்த சேறாகச் சுவரோரம் வழிந்து அடியிற் பரவியிருக்கலாம். அத்தகைய சேற்றிலே இலேசான பளிங்கும் கனமானவற்றோடு சேர்ந்தே கீழே போகும். இன்று பலரும் ஒரே விளக்கத்தைப் பற்றி நிற்பதில்லை. சில அடுக்குகள் படிந்தவை, சில இருந்த இடத்தில் வளர்ந்தவை, சில பின்னர் இறுகும்போது உருமாறியவை என்று இடம் நோக்கித் தீர்மானிக்கின்றனர். 1982இல் ஏர்வின், அமிழ்தல் என்னும் கருத்தை உட்படுத்தாமலே வேஜர் இட்ட பெயரை வழங்கலாம் என்று புதிய வரையறையும் தந்தார்.

இந்த ஆராய்ச்சியாற் பயன் என்ன என்று கேட்போரும் இருப்பர். இதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் மிகப் பெரிய, தென்னாபிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத்தொகுதியின் மெல்லிய அடுக்குகளிலேயே உலகம் அறிந்த பிளாற்றினத்தின் பெரும்பகுதி கிடக்கின்றது. ஸ்கேர்காட்டிலும் 1980களின் பிற்பகுதியில் நடுப்பகுதியின் மேலடுக்குகளிற் பொன்னும் பலேடியமும் செறிந்திருப்பதைக் கண்டனர். வேஜரும் டியரும் நடந்துபோன பாறைதான். கண்ணுக்குத் தெரியாத அளவிற் பொன் இருந்தது. எந்த அடுக்கில் எது சேரும் என்பதை அறிய, அடுக்கு எவ்வாறு பிறந்தது என்பதை அறிதல் வேண்டும்.

ஆயினும் எனக்குப் பட்ட பயன் வேறு. வேஜர் 1965இல் மறைந்தார். அவர் விளக்கங்களுட் பல திருத்தப்பட்டுவிட்டன. அவர் கண்டெழுதிய கனிய ஒழுங்கோ, எந்தக் கனியம் எந்த உயரத்தில் வருகின்றது, எந்த உயரத்தில் மறைகின்றது என்ற அந்தப் பட்டியலோ, இன்றும் அனைவர்க்கும் அடிப்படையாய் நிற்கின்றது. அவரை மறுத்தவர்களும் அதனை வைத்தே மறுத்தனர். வரலாறு பயின்ற எனக்கு இது புதிதன்று. கல்வெட்டைப் படியெடுத்தவர் செய்த பணி ஒன்று. அதற்குப் பொருள் கூறியவர் செய்த பணி மற்றொன்று. படி சரியாக இருக்குமாயின் பொருளைப் பின்வருவோர் திருத்திக்கொள்வர். படியே பிழையாயின் யாவும் பிழையாகும். கண்டது இது, கருதியது இது என்று பிரித்துச் சொல்லும் பழக்கத்தை நாம் வகுப்பறையிலே ஊட்டுகின்றோமா? அன்று நான் ஊட்டவில்லை. கருத்தைக் காட்சிபோலச் சொல்லிவிட்டேன். ஒரு சிறுமி படத்தைப் பார்த்து என்னைத் திருத்தினாள்.

மாதங்கள் சென்றபின் அதே வகுப்புக்குப் போனேன். "அம்மா, உன் கேள்விக்கு முடிந்த விடை இன்னும் இல்லை. ஆனால் கேள்வி சரியானது. உன்னைப் போலவே கேட்டவர்களால் ஒரு நூலின் விளக்கமே மாறிற்று" என்று சொல்லி, இங்கே உங்களுக்குச் சொன்னவற்றை அங்கும் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால், ஐயா, பரீட்சையில் எதை எழுதுவது?" என்றாள். வகுப்பு சிரித்தது. படத்திற் காண்பதை முதலில் எழுது. அதற்கு அறிஞர் கூறும் காரணங்களைப் பின்னர் எழுது. இரண்டையும் கலவாதே என்றேன். அந்த விடைக்கு எத்தனை புள்ளி கிடைக்குமோ அறியேன். ஆயினும் இன்றும் அதே விடையைத்தான் சொல்வேன்.